பூசான் விழாவில் கொரியப் படம், ஜப்பானியப் படம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பார்ப்பது

பூசான் திரைப்பட விழாவின் பட்டியல் வெளியானால் போதும், கொரியாவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்தப் படத்துக்கு டிக்கெட் போடறது?" நான் கொஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் குழாய் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். வருட விடுப்பை இந்த விழாவுக்காகவே சேர்த்து வைக்கிறவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரமே தியேட்டருக்கு வரப்போகிற படத்தைத் துரத்திக்கொண்டு விழாவுக்குப் போகாதீர்கள். 2025-இல் 30-ஆவது விழா செப்டம்பர் 17 அன்று பார்க் சான்-வூக்கின் 'நோ அதர் சாய்ஸ்' படத்தோடு தொடங்கியது. அந்தப் படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்பியவர்கள் ஏராளம். செப்டம்பர் 24 அன்று, விழா முடிவதற்கு முன்பே, அதே படம் நாடு முழுக்கத் திரைக்கு வந்துவிட்டது. பெரிய இயக்குநர், பெரிய நடிகர், கையில் விநியோகஸ்தர் என்று மூன்றும் இருந்தால் அந்தப் படம் நம் ஊர் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ எப்படியும் வரும். விழாவில் மட்டும் கிடைப்பது வேறு. புதுப்பித்து எடுத்த பழைய கொரியப் படங்கள், முதல் படம் எடுக்கும் கொரிய இளைஞர்கள், இயக்குநரே வந்து நின்று பேசும் ஜப்பானியப் படங்கள். இந்த மூன்றுக்கும்தான் உங்கள் நேரமும் பணமும் போகவேண்டும்.

என் வழக்கம் இன்னொன்றும் உண்டு. ஒரே நாளில் ஒரு கொரியப் படத்தையும் ஒரு ஜப்பானியப் படத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். இது வெறும் ரசனை விஷயம் இல்லை. ஜப்பானியக் காலனி ஆட்சி முடிந்த 1945-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொரியத் தியேட்டர்களில் ஜப்பானியப் படம் ஓட அனுமதி கிடையாது. கிம் டே-ஜுங் அரசு 1998 அக்டோபரில்தான் கதவைத் திறந்தது. அந்த டிசம்பரில் கிதானோ தகேஷியின் 'ஹனா-பி' முதல் படமாக வெளியானது. அடுத்த ஆண்டு வந்த இவாய் ஷுன்ஜியின் 'லவ் லெட்டர்' கொரியர்களைக் கட்டிப்போட்டது. பனி மலையைப் பார்த்து நாயகி நலம் விசாரிக்கும் அந்த ஒரு வரி, ஜப்பானிய மொழியே தெரியாத என் அலுவலகத்துக்காரர்களுக்கும் இன்றுவரை மனப்பாடம். பூசான் விழா பிறந்தது 1996-இல், அதாவது தடை இருந்த காலத்தில். பொதுத் திரையரங்குக்கு வரமுடியாத ஜப்பானியப் படங்களைக் கொரிய ரசிகர்கள் பெரிய திரையில் பார்த்த இடம் இந்த விழா. அதனால்தான் இங்கே ஜப்பானிய இயக்குநர் மேடையேறும்போது அரங்கில் ஒரு தனி உற்சாகம் இருக்கும்.

இப்போது இரண்டு பக்கத்துக் கலைஞர்களும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் கோரே-எடா ஹிரோகாசு 2022-இல் கொரிய நடிகர் சாங் காங்-ஹோவை வைத்துக் கொரிய மொழியிலேயே 'புரோக்கர்' எடுத்தார், கதை தொடங்குவதே பூசானில்தான். ஹமகுச்சி ரியுசுகேயின் 'டிரைவ் மை கார்' முதலில் பூசானில் படமாக்கத் திட்டமிட்ட படம். கொரோனா வந்ததால் ஹிரோஷிமாவுக்கு மாறியது. லீ சாங்-டோங்கின் 'பர்னிங்' ஜப்பானிய எழுத்தாளர் முரகாமி ஹருகியின் சிறுகதையிலிருந்து வந்தது. 'ஓல்ட்பாய்' ஜப்பானியப் படக்கதையான மாங்கா ஒன்றிலிருந்து வந்தது. மியாகே ஷோவின் 'டூ சீசன்ஸ், டூ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' 2025-இல் லொகார்னோ திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிறுத்தையை வாங்கியது. அதில் நாயகி கொரிய நடிகை ஷிம் உன்-கியாங். பட்டியலைப் பிரிக்கும்போது இப்படிக் கலந்து நிற்கும் படங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் படிக்கும் விதம்

விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு முழு நிரலும் வரும். பிறகு நேர அட்டவணை. ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் எண் இருக்கும், டிக்கெட் போடும்போது படத்தின் பெயரைத் தேடாமல் அந்த எண்ணைத் தட்டினால் வேலை வேகமாக முடியும். பக்கத்தில் ஜி.வி. என்று போட்டிருந்தால் படம் முடிந்து இயக்குநரோ நடிகரோ பேசுவார்கள் என்று அர்த்தம். கொரியாவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே படம் பல முறை ஓடும், எல்லாக் காட்சிக்கும் ஜி.வி. இருக்காது. 19 என்று போட்ட படத்துக்கு அடையாள அட்டை அவசியம், பாஸ்போர்ட்டோ வெளிநாட்டவர் அட்டையோ கையில் இருக்கட்டும்.

கொரியப் படங்களில் 'விஷன்' பிரிவுதான் என் முதல் நிறுத்தம். சின்னப் பட்ஜெட், தெரியாத முகங்கள், பெரும்பாலும் உலகிலேயே முதல் திரையிடல். கிம் போ-ராவின் 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்' 2018-இல் பூசானில்தான் முதலில் ஓடியது. 1994-இல் சியோலில் ஒரு பதினான்கு வயதுப் பெண், அவள் வீடு, பள்ளி, சியோங்சு பாலம் இடிந்து விழுந்த அந்த அக்டோபர். அதற்கு அடுத்த ஆண்டு யூன் டான்-பியின் 'மூவிங் ஆன்' வந்தது. தாத்தாவின் பழைய மாடி வீட்டில் அக்காவும் தம்பியும் கழிக்கும் ஒரு கோடை. இரண்டும் பின்னால் உலகம் சுற்றிய படங்கள். ஆனால் பட்டியலில் வந்த அன்று அந்தப் பெயர்களை யாருக்கும் தெரியாது. தெரியாத பெயருக்கு டிக்கெட் போடுகிற தைரியம் வேண்டும், விழாவில் அதற்குக் கிடைக்கும் பலன் வேறெங்கும் கிடைக்காது.

'பனோரமா'வில் பெரும்பாலும் ஓரளவு பெயர் வாங்கியவர்கள் இருப்பார்கள், அதில் தியேட்டருக்கு வரக்கூடியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். 2025-இல் முதன்முறையாக 14 ஆசியப் படங்களோடு ஒரு போட்டிப் பிரிவும் வந்துவிட்டது, டிக்கெட் அடிதடி அதிகம். நள்ளிரவுப் படங்கள் இளைஞர்களுக்கு, எனக்குத் தூக்கம் முக்கியம்.

ஜப்பானியப் படங்களுக்குப் பிரிவைவிட ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விழா ஒவ்வோர் ஆண்டும் ஆசியத் திரைக்கலைஞர் ஒருவருக்கு விருது தரும். 2019-இல் கோரே-எடா, 2024-இல் குரோசவா கியோஷி. விருது வாங்குகிறவர் ஜப்பானியர் என்றால் அவர் படமும் பேச்சும் நிச்சயம் நிரலில் இருக்கும். 2024-இல் குரோசவாவின் 'கிளவுட்', 'சர்பென்ட்ஸ் பாத்' இரண்டும் ஓடின. 2021-இல் ஹமகுச்சி இரண்டு படங்களோடு வந்தபோது 'பாரசைட்' எடுத்த பாங் ஜூன்-ஹோவும் அவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த மாதிரி உரையாடல் நிகழ்ச்சி அட்டவணையில் தெரிந்தால் படத்துக்கு முன்பே அதைப் பிடித்துவிடுங்கள். படம் என்றைக்கும் இருக்கும்.

பழைய படத்துக்கு ஒரு காலை

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் கேட்பதில்லை, ஆனாலும் சொல்வேன். பழைய கொரியப் படத்துக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். இயக்குநர் கிம் கி-யங் என்ற பெயரைப் பல காலம் மறந்தே போயிருந்தார்கள். 1997-இல் பூசான் விழாதான் அவர் படங்களைத் தொகுத்துப் போட்டு அவரைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களில், 1998 பிப்ரவரியில், வீட்டில் பற்றிய தீயில் அவர் இறந்துபோனார்.

அவருடைய 1960-ஆம் ஆண்டு 'தி ஹவுஸ்மெய்ட்' படத்தைப் புதுப்பித்த பிரிண்டில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் மூல நெகட்டிவில் இரண்டு ரீல்கள் காணாமல் போயிருந்தன. 1990-இல் ஒரு பழைய திரையிடல் பிரிண்ட் கிடைத்தது. அதில் கையால் எழுதிய ஆங்கில வசனங்கள் படத்தின் மேலேயே பெரிது பெரிதாக ஏறியிருந்தன. புதுப்பித்தவர்கள் அந்த எழுத்துகளை ஒவ்வொரு பிரேமாக அழித்து, அடியிலிருந்த முகத்தையும் சுவரையும் மீட்டிருக்கிறார்கள். பெரிய திரையில் அந்த ரீல்கள் வரும் இடத்தில் படத்தின் தரம் சட்டென்று மாறுவது கண்ணுக்குத் தெரியும். கறுப்பு கொஞ்சம் வெளுக்கும், விளிம்புகள் மெத்தென்றாகும். லேப்டாப்பில் பார்த்தால் இது பிடிபடாது. கதை நடப்பது ஒரு புது மாடிவீட்டில். இசை வாத்தியார், மனைவி, பிள்ளைகள், வேலைக்கு வந்த பெண், எலிப் பாஷாணம். யார் மாடிப்படியில் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே யார் கை ஓங்கியிருக்கிறது என்று விளங்கிவிடும். 'பாரசைட்' படத்துப் படிக்கட்டுகளை நினைத்துக்கொண்டு பார்த்தால் பாங் ஜூன்-ஹோ யாரிடம் பாடம் படித்தார் என்று தெரியும். அவரே கிம் கி-யங்கைத் தன் ஆசானாகச் சொல்லியிருக்கிறார்.

வருவதற்கு முன்பு வீட்டுப்பாடம் செய்ய விரும்பினால் கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் யூடியூபில் பழைய படங்களை இலவசமாக, ஆங்கில வசன எழுத்தோடு போட்டு வைத்திருக்கிறது. யூ ஹியான்-மோக்கின் 1961 படம் 'ஓபால்டான்' அங்கே இருக்கிறது. போருக்குப் பிந்தைய சியோலில் பல்வலியோடு அலையும் ஒரு கணக்குப்பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு வந்தால் இன்றைய கொரியப் படங்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டியிருக்காது.

டிக்கெட்

விற்பனை தொடங்கும் நாளுக்கு முன்பே விழாவின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் வங்கி அட்டை அங்கே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டை பணம் கட்டும் பக்கத்தில்தான் இழுத்தடிக்கும். விற்பனை தொடங்கியதும் ஜி.வி. காட்சிகள் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். முதலில் உங்களுக்கு மிக வேண்டிய ஒன்றை மட்டும் போட்டு முடியுங்கள். நாலைந்து எண்களை ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் கிடைக்காது.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளரவேண்டாம். கொரியர்கள் நிறைய டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியில் ரத்து செய்கிற பழக்கம் உள்ளவர்கள். காட்சிக்கு முந்தைய இரவு தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவ்வப்போது புதுப்பித்துப் பாருங்கள், ஒற்றை இருக்கைகள் முளைக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் உட்காரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அது கைகூடாது. தனித்தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து பேசிக்கொள்ளலாம். வார நாட்களின் காலைக் காட்சிகளும் விழாவின் பிற்பாதியும் எப்போதும் கொஞ்சம் இளகும். தொழில்துறை ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் அதற்குள் கிளம்பியிருப்பார்கள்.

போகும் வழி, உட்காரும் இடம்

விழாவின் மையம் சென்டம் சிட்டி. கிம்ஹே விமான நிலையத்தில் இறங்கினால் இலகு ரயிலில் சாசாங், அங்கிருந்து இரண்டாம் வழித்தட மெட்ரோ நேராகச் சென்டம் சிட்டி. கொஜேயிலிருந்து பாலம் வழியாக வரும் எங்கள் பேருந்தும் சாசாங்கில்தான் விடும். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் ரயிலில் வந்தால் பூசான் நிலையத்தில் முதல் வழித்தடம் பிடித்து சொம்யோனில் மாறவேண்டும். விழா நேரத்தில் ஹேவுண்டே கடற்கரைப் பக்கம் அறை வாடகை ஏறிவிடும். சொம்யோன் அல்லது குவாங்கான் பக்கம் தங்குங்கள், இரண்டும் அதே இரண்டாம் வழித்தடம்தான்.

பூசான் சினிமா சென்டர் 2011-இல் திறந்தது. ஒரே தூணில் நின்று 85 மீட்டர் வெளியே நீண்டு நிற்கும் கூரை, கூடவே சுமார் 4000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கு. உள்ளே ஹானுல்யோன் அரங்கு பெரியது, பேரமைதியான ஜப்பானியப் படத்தைக்கூட அங்கே பார்க்கலாம். பழைய படத்துக்குச் சினிமாதேக் அரங்கு. சாலையைக் கடந்தால் ஷின்செகே கடைமாளிகைக்குள் சிஜிவி தியேட்டர். பக்கத்திலேயே லோட்டே தியேட்டர். இவற்றுக்குள் நடந்தே போய்விடலாம், ஆனால் கடைமாளிகை எஸ்கலேட்டர்களில் நேரம் கரையும். இரண்டு படத்துக்கு நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், ஜி.வி. இருந்தால் இன்னும் அதிகம். விளம்பரம் எதுவும் கிடையாது, அட்டவணையில் போட்ட நேரத்துக்குப் படம் தொடங்கிவிடும். தாமதமாக வந்து இருட்டில் தடவிக்கொண்டு நுழைவது மற்றவர்களுக்குச் செய்யும் கொடுமை.

திறந்தவெளி அரங்கில் இரவுக் காட்சி என்றால் தடிமனான சட்டை கொண்டுபோங்கள், கடல்காற்று சாதாரணமாக இருக்காது. மழை வரும் போலிருந்தால் குடை வேண்டாம், மழைக்கோட்டு. குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குத் திரை தெரியாது. புயல் காலமும் அதுதான். 2016-இல் சாபா புயல் ஹேவுண்டே மணலில் போட்டிருந்த விழா மேடைகளைப் பிய்த்துப்போட்டது.

வசனம் பற்றி. கொரியப் படங்களுக்கு ஆங்கில எழுத்து திரையிலேயே வரும். ஜப்பானியப் படத்துக்கு ஆங்கிலம் படத்தின் அடியிலும் கொரியம் தனியாக ஓரத்திலோ கீழேயோ வரும். முன்வரிசையில் உட்கார்ந்தால் கண் இரண்டுக்கும் நடுவே அல்லாடும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் எடுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். நாலாவது படத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் சோர்வைத்தான். ஹமகுச்சி மாதிரி நீளமாக எடுப்பவர் இருந்தால் இரண்டாகக் குறையுங்கள், 'டிரைவ் மை கார்' 179 நிமிடம். அதன் கடைசியில் பார்க் யூ-ரிம் கொரியச் சைகை மொழியில் செக்காவ் நாடகத்து வசனத்தைச் சொல்லும் காட்சியில் அரங்கே மூச்சுவிடாமல் இருக்கும். அந்த நேரத்தில் கொட்டாவி வரும் நிலையில் நீங்கள் இருக்கக்கூடாது. ஹாங் சாங்-சூ படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். இரண்டு பேர் சோஜு குடித்துக்கொண்டு நீண்ட நேரம் பேசுவார்கள், திடீரென்று கேமரா ஒரு முகத்தை நோக்கி ஜூம் போகும், அந்த ஜூமில்தான் எல்லாம் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஷின்செகேவின் அடித்தளத்தில் எல்லாம் கிடைக்கும். அவசரத்துக்குக் கன்வீனியன்ஸ் கடை முக்கோணக் கிம்பாப். சைவம் என்றால் பிபிம்பாப்பில் இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழம்பு வகைகளை நம்பவேண்டாம். அசைவக்காரர்கள் பூசானுக்கு வந்து பன்றிக்கறிச் சூப்புச் சோறு சாப்பிடாமல் போகக்கூடாது.

ஜி.வி.யில் எதைக் கேட்பது

இயக்குநரிடம் "உங்களுக்கு எங்கிருந்து இந்த எண்ணம் வந்தது?" என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் அதைக் கேட்டிருப்பார்கள், மனப்பாடமான பதில்தான் வரும். படத்தில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைக் கேளுங்கள். ஒரு 'விஷன்' படத்தின் ஜி.வி.யில் முன்வரிசையிலிருந்து வயதான ஒரு கொரிய அம்மா மைக்கை வாங்கி, "வீட்டில் மூன்று முறை சாப்பாட்டுக் காட்சி வருகிறது, அந்தத் தாய் ஒருமுறைகூட உட்காரவே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். அதுவரை சம்பிரதாயமாகப் பேசிக்கொண்டிருந்த இளம் இயக்குநர் முகம் மலர்ந்துபோனது. மூன்று காட்சியிலும் தாயைச் சிங்க் பக்கத்திலேயே நிற்க வைத்ததையும், மூன்றாவது காட்சியில் காலியாக ஒரு நாற்காலியைப் போட்டதையும், கேமராவை அதற்காகவே தாழ்த்தி வைத்ததையும் விரிவாகச் சொன்னார். நாற்காலியை நான் கவனித்திருக்கவில்லை. அந்தக் கேள்வியால் எனக்கு அந்தப் படமே வேறாகிவிட்டது.

மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், எல்லா ஜி.வி.க்கும் ஆங்கிலம் இருக்காது. ஜப்பானிய இயக்குநர் என்றால் ஜப்பானியத்திலிருந்து கொரியத்துக்கு மட்டும் போகும் காட்சிகளும் உண்டு. கொரியம் தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், நடுவே காதில் கிசுகிசுக்கச் சொல்லாதீர்கள்.

ஒரு நாள்தான் லீவு என்றால்

போன விழாவுக்கு முன்பு எங்கள் கப்பல் தளத்துக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டான்: "அக்கா, ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைச்சுது. எதை விடறது, எதைப் பிடிக்கிறது?"

"வார நாளா எடுத்தியா?"

"வியாழக்கிழமைக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. கூட்டம் குறையும்."

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். காலையில் சினிமாதேக் அரங்கில் அந்த ஆண்டு போடும் பழைய கொரியப் படம், எதுவாக இருந்தாலும் சரி. மதியம் வயிற்றை நிரப்பாமல் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு 'விஷன்' பிரிவில் ஜி.வி. உள்ள ஒரு படம். அது முடிந்து ஒன்றரை மணி நேரம் எதுவும் வைக்காமல் சுயோங் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வரலாம். மாலை ஒரு ஜப்பானியப் படம், டிக்கெட் கிடைத்தால் ஹானுல்யோன் அரங்கில், இயக்குநர் வருகிற காட்சியாக. நாம்போ-டாங் பழைய தியேட்டர் வீதியையும் அங்கே விற்கும் விதை அடைத்த ஹோத்தோக் பலகாரத்தையும் இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் மெட்ரோவிலேயே போய்விடும், ஒரு நாளில் அதற்கு இடமில்லை. சாசாங்கிலிருந்து கொஜேக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துவிடு என்றும் அவனிடம் சொன்னேன், மாலைப் படத்தின் ஜி.வி. நீண்டால் பாதியில் எழுந்து ஓடவேண்டி வரக்கூடாது.